பதற்றத்திற்கு எழுதித் தரப்படும் அமைதி மாத்திரை: தொடங்கும் முன்பும் நிறுத்தும் முன்பும் அறிய வேண்டியவை

நான்கு மாத்திரைகள் மட்டும் மிச்சமிருக்கும் ஓர் அட்டைத் துண்டை மேசைமீது வைத்து, "இதே மாத்திரைதான், ஒரு பத்து குடுங்க" என்று கேட்பவர்கள் எங்கள் மருந்துக்கடைக்கு வாரம் தவறாமல் வருகிறார்கள். அட்டையைக் கத்தரித்த இடத்தில் மருந்தின் பெயர் போயிருக்கும், சிவப்புக் கட்டத்தில் அச்சிட்ட எச்சரிக்கையில் பாதி வரிதான் இருக்கும், கொண்டு வந்தவரிடம் மருத்துவர் சீட்டும் இருக்காது. என்ன மாத்திரை என்று கேட்டால் ஒருவர் நரம்பு மாத்திரை என்பார், மற்றொருவர் தூக்க மாத்திரை என்பார், இன்னொருவர் டென்ஷனுக்குப் போடுவது என்பார். பெரும்பாலும் மூவரும் ஒரே வகை மருந்தைத்தான் சொல்கிறார்கள். மருந்தாளுநராகப் பல ஆண்டுகள் இந்த மேசைக்குப் பின்னால் நின்றதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு: இம்மருந்தால் துன்பப்பட்டவர்களில் பலருக்கு அதைத் தொடங்கியது தவறாக இருக்கவில்லை. எப்போது நிறுத்துவது என்பதைத் தொடங்கும் நாளில் யாரும் பேசாமல் விட்டதே தவறாக இருந்தது. ஆகவே, இம்மாத்திரை எழுதப்பட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், எப்படி வெளியே வர வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், டயஸெபாம், குளோர்டயசெபாக்சைடு ஆகியவை பென்சோடயசெபைன் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் ஊரில் அதிகமாகப் புழங்கும் எடிசோலாம் வேதியியல் அமைப்பில் சற்று வேறுபட்டாலும் உடலுக்குள் இவற்றைப் போலவே வேலை செய்கிறது. ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் உருவாக்கிய குளோர்டயசெபாக்சைடு 1960இல் விற்பனைக்கு வந்தது, டயஸெபாம் 1963இல் வந்தது. அதற்கு முன் பதற்றத்திற்கும் தூக்கத்திற்கும் கொடுக்கப்பட்ட பார்பிட்யூரேட் மருந்துகள், அளவு சற்று மீறினாலே மூச்சை நிறுத்தக்கூடியவையாக இருந்ததால், புதியவற்றை மருத்துவ உலகம் பெரும் நிம்மதியோடு ஏற்றுக்கொண்டது. அந்த நிம்மதியில்தான் இவற்றுக்கும் பழக்கப்படுத்தும் குணம் உண்டு என்பது நெடுங்காலம் போதிய கவனம் பெறாமல் போயிற்று.

மூளையில் நரம்பணுக்களின் துடிப்பை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருள் இயல்பாகவே சுரக்கிறது. அது நரம்பணுவின் மேலுள்ள ஒரு வாயிலில் போய் அமரும்போது குளோரைடு அயனிகள் உள்ளே நுழைந்து அந்த அணுவை அமைதிப்படுத்துகின்றன. பென்சோடயசெபைன் அதே வாயிலில் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, காபா வரும்போதெல்லாம் வாயில் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் நெஞ்சுப் படபடப்பு குறைவதும், இறுகியிருந்த கழுத்தும் தோளும் தளர்வதும், கண் சொக்குவதும் இதனால்தான். பதற்றம் எதனால் வந்ததோ அந்தக் காரணத்தை இம்மருந்து தொடுவதில்லை. கடனும் அப்படியே இருக்கும், நோயாளியாகக் கிடக்கும் தந்தையும் அப்படியே இருப்பார், மனம் எதையும் ஆபத்தாகவே பார்க்கும் பழக்கமும் அப்படியே இருக்கும். சில மணி நேரத்திற்கு உடலின் அலறல் மட்டும் தணியும்.

அந்தத் தணிவு சிறிய விஷயமன்று. மூன்று இரவு தூங்காமல், சோறு இறங்காமல், நாற்காலியில் உட்காரவும் முடியாமல் கூடத்தில் நடந்துகொண்டே இருக்கும் ஒருவரைக் கண்ணால் பார்த்தவர்கள் இம்மருந்தை விஷம் என்று சொல்லமாட்டார்கள். கடுமையான பதற்றம், அடுத்தடுத்து வரும் பீதித் தாக்குதல், திடீர் இழப்பிற்குப் பின் உடல் முற்றிலும் நிலைகுலைந்த சில நாட்கள், அறுவை சிகிச்சைக்கு முந்தைய அச்சம், நிற்காத வலிப்பு ஆகியவற்றில் இதன் பயன் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. நெடுநாள் குடித்துவிட்டு நிறுத்துபவருக்கு வரும் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மருத்துவமனையில் முதலில் கொடுப்பதும் குளோர்டயசெபாக்சைடு, டயஸெபாம், லோரசெபாம் போன்றவற்றைத்தான். கேள்வி கால அளவைப் பற்றியது. பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988ஆம் ஆண்டிலேயே, அன்றாட வாழ்வையே முடக்கும் கடுமையான பதற்றத்திற்கு மட்டும், அதுவும் 2 முதல் 4 வாரங்களுக்கு மட்டும் இவற்றைக் கொடுக்கலாம் என்று அறிவுறுத்தியது. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மாத்திரை அட்டையைப் பாருங்கள். 4 வாரங்களைத் தாண்டித் தொடர்கிறது என்றால் அதற்குரிய காரணத்தை மருத்துவர் உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது

பதற்றம் என்று நாம் நினைப்பது எப்போதும் மனத்திலிருந்தே வருவதில்லை. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், இரத்தச் சோகை இருந்தாலும், ஆஸ்துமாவிற்கு எடுக்கும் சால்பூட்டமால் அதிகமானாலும், ஒரு நாளைக்கு ஆறேழு முறை காப்பி குடித்தாலும் கை நடுங்கும், இதயம் வேகமாக அடிக்கும். ஆகவே முதல்முறை செல்லும்போது எளிய இரத்தப் பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வாழ்வில் முதன்முறையாக வந்தால் அதைப் பதற்றம் என்று வீட்டிலேயே முடிவு செய்து மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது. இதயம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து உறுதி செய்த பிறகே மற்றதைப் பேச வேண்டும்.

பீதித் தாக்குதலுக்கு இம்மாத்திரையை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். பீதி பொதுவாக 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணி நேரத்திற்குள் தானாகவே இறங்கத் தொடங்கிவிடும். விழுங்கிய அல்பிரசோலம் இரத்தத்தில் உச்ச அளவை எட்ட 1 முதல் 2 மணி நேரம் ஆகும். அப்படியானால் பல நேரங்களில் அலை தானாக ஓய்ந்த பிறகே மருந்து முழு பலத்தோடு வந்து சேர்கிறது, ஆனால் மனம் அந்தப் பெருமையை மாத்திரைக்கே கொடுத்துவிடுகிறது. நாளடைவில் மாத்திரை பையில் இல்லை என்ற எண்ணமே அடுத்த பீதியைக் கிளப்பிவிடும். மூச்சை மெதுவாக, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதற்கு அதிக நேரம் எடுத்து, நிமிடத்திற்கு ஆறு ஏழு முறை என்ற அளவில் விட்டுப் பழகியவர்கள் இந்த அரை மணி நேரத்தை மாத்திரையின்றிக் கடக்கிறார்கள். நல்ல நேரத்தில் பழகினால்தான் கெட்ட நேரத்தில் கைகொடுக்கும்.

மருத்துவர் எழுதத் தொடங்கும்போது நீங்கள் கேட்க வேண்டியவற்றுள் முக்கியமானது, "டாக்டர், இதை எத்தனை நாள் போடணும், எப்படி நிறுத்தணும்?" என்பதுதான். இப்படிக் கேட்பது அவரை மதிக்காததாகும் என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். அவர் சொல்லும் நாள் கணக்கைச் சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் போட வேண்டியதா, தாங்க முடியாதபோது மட்டும் போட வேண்டியதா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்களாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு: குடிப்பழக்கம், இரவில் உரக்கக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருவது, நாட்பட்ட நுரையீரல் நோய், கல்லீரல் கோளாறு, தசைக்களைப்பு நோய், கர்ப்பம் அல்லது கர்ப்பத் திட்டம், பாலூட்டுவது, பேருந்தோ லாரியோ ஓட்டும் வேலை, வேறு மருத்துவர் கொடுத்த மாத்திரைகள். குடியைப் பற்றி மனைவி முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விடாதீர்கள்.

நீடித்த பதற்ற நோய்க்கு முதல் தேர்வான மருந்து இந்தக் குடும்பத்தில் இல்லை. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகளும், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும்தான் நீண்ட கால வைத்தியம். எஸ்சிட்டலோபிராம் வகை வேலை செய்யத் தொடங்க 2 முதல் 6 வாரங்கள் பிடிக்கும், தொடக்க நாட்களில் சிலருக்குப் படபடப்பைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். அந்த இடைவெளியைக் கடக்க ஒரு தற்காலிகப் பாலமாகத்தான் குளோனசெபாம் போன்றவற்றைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இது நல்ல வைத்திய முறை. அக்கரை சேர்ந்ததும் பாலத்தைப் பிரித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. நம் நாட்டில் எஸ்சிட்டலோபிராமையும் குளோனசெபாமையும் ஒன்றாகச் சேர்த்த ஒரே மாத்திரை பரவலாக விற்கப்படுகிறது. நோயாளி அதை ஒரு மருந்து என்றே நினைத்துக்கொள்கிறார். எட்டு மாதம் கழித்தும் அதே கூட்டு மாத்திரை தொடரும்போது, நீண்ட நாள் வேண்டிய மருந்தோடு, ஒரு மாதத்தில் நின்றிருக்க வேண்டிய மருந்தும் ஓசைப்படாமல் தொடர்ந்திருக்கும். ஒன்றை மட்டும் குறைக்கவும் வழியிருக்காது. "ஏற்கெனவே போடுவதையே தொடரவும்" என்ற ஒற்றை வரியோடு ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்பட்ட சீட்டுகளை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எனவே அட்டையின் பின்புறத்தில் சேர்மானம் என்ற இடத்தில் எத்தனை மருந்துப் பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு இருந்தால், இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித்தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு செயலை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

பதற்றத்திற்கென்று சொல்லாமலும் இக்குடும்பம் வீட்டுக்குள் வருகிறது. வயிற்றுப் பிடிப்புக்கும் குடல் உளைச்சலுக்கும் எழுதப்படும் ஒரு வகை மாத்திரையில் கிளிடினியத்தோடு குளோர்டயசெபாக்சைடு சேர்ந்திருக்கிறது. அதை கேஸ் மாத்திரை என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் போடுபவர்கள் இருக்கிறார்கள். தலைவலிக்கும் தூக்கமின்மைக்கும் தரும் அமிட்ரிப்டிலின் கூட்டு மாத்திரை சிலவற்றிலும் குளோர்டயசெபாக்சைடு உண்டு. இதயப் படபடப்பைக் குறைக்கத் தரும் புரோப்ரனோலோலோடு அல்பிரசோலமோ எடிசோலாமோ சேர்ந்து வருவதும் உண்டு. ஒரு மருத்துவர் வயிற்றுக்கும், இன்னொருவர் தலைவலிக்கும், மூன்றாமவர் தூக்கத்திற்கும் எழுதிய மூன்று சீட்டிலும் ஒரே குடும்பத்து மருந்து இருந்ததை நானே கண்டு, அந்த அம்மாவை மூன்று அட்டைகளோடும் ஒரே மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன்.

அட்டையில் உள்ள எண்

"வெறும் பாயின்ட் ஃபைவ்தானே" என்பது நான் அடிக்கடி கேட்கும் சொல். பாராசிட்டமால் 500 மில்லிகிராமில் வருவதால், 0.5 மில்லிகிராம் என்பது தூசு என்று தோன்றுகிறது. மருந்தின் வலிமையை எடை காட்டாது. 0.5 மில்லிகிராம் அல்பிரசோலமோ 0.5 மில்லிகிராம் குளோனசெபாமோ ஏறத்தாழ 10 மில்லிகிராம் டயஸெபாமுக்கு நிகரானது என்பது, மருந்து மாற்றும்போது பயன்படுத்தப்படும் நன்கறியப்பட்ட ஒப்பீட்டுக் கணக்கு. 0.25, 0.5, 1 என்ற மூன்று அளவிலும் அட்டைகள் ஒரே நிறத்தில் வரக்கூடும். கடையில் வாங்கும்போதே பெயரையும் எண்ணையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அல்பிரசோலம், டயஸெபாம், குளோர்டயசெபாக்சைடு, நைட்ரசெபாம் ஆகியவையும், வேறு குடும்பத்துத் தூக்க மாத்திரையான சோல்பிடெமும் இந்தியாவில் அட்டவணை எச் 1 என்ற பட்டியலில் இருக்கின்றன. 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த இவ்விதியின்படி, மருத்துவரின் பெயரும் முகவரியும் நோயாளியின் பெயரும் மருந்தின் அளவும் கடையில் தனிப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும், அந்தப் பதிவேடு 3 ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும். மீண்டும் கொடுக்கலாம் என்று மருத்துவர் குறிப்பிடாத சீட்டுக்கு ஒருமுறைக்கு மேல் மருந்து தரக் கூடாது. பழகிய வாடிக்கையாளராக இருந்தும் நாங்கள் மறுக்கும்போது கோபம் வருவது இயல்பே. ஆனால் சீட்டில்லாமல் எளிதாகத் தரும் கடை உங்களுக்கு உதவுவதாக எண்ண வேண்டாம். மருத்துவரை மீண்டும் பார்க்க வேண்டிய கட்டாயம்தான் இம்மருந்தில் உங்களுக்குள்ள முதல் பாதுகாப்பு.

போடத் தொடங்கிய பின்

முதல் சில நாட்கள் உங்கள் உடல் எப்படி ஏற்கிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்டாதீர்கள், மொட்டைமாடி வேலை, கிணற்றடி வேலை, இயந்திர வேலை ஆகியவற்றையும் தவிருங்கள். இரவில் போட்டது காலையில் தீர்ந்துவிடும் என்பது எல்லா மாத்திரைக்கும் பொருந்தாது. அல்பிரசோலத்தின் பாதி அளவு உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ 11 மணி நேரமும், குளோனசெபாமுக்கு 30 முதல் 40 மணி நேரமும் ஆகும். டயஸெபாம் உடலுக்குள் உருமாறிப் பிறக்கும் பொருள் அதைவிடவும் நீண்ட நாட்கள் தங்கும். எனவே தினமும் போடும்போது நேற்றையதன் மேல் இன்றையது சேர்கிறது. மறதி, பேச்சுக் குழறல், கால் தடுமாற்றம், எதிலும் பிடிப்பின்மை ஆகியவை இரண்டாம் வாரத்தில் தலைகாட்டினால் அதை நோயின் குணம் என்று எண்ணிவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரிதாகச் சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும், அமைதிக்கு நேர்மாறாக எரிச்சலும் ஆவேசமும் வரும். அப்படியானால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும்.

மதுவோடு இம்மருந்து சேரவே கூடாது. இரண்டும் மூளையில் ஏறக்குறைய ஒரே வாயிலைத்தான் தட்டுகின்றன, தனித்தனியே தாங்கக்கூடிய அளவுகள்கூடச் சேரும்போது மூச்சு விடும் வேகத்தையே அடக்கிவிடும். டிரமடால், கோடீன், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளும் அப்படியே. இவ்விரண்டையும் சேர்த்து உட்கொள்வது பற்றி அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பு 2016இல் தன் மிகக் கடுமையான வகை எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 2020இல் பழக்கத்திற்கு அடிமையாதல், திடீர் நிறுத்தத்தின் விளைவு ஆகியவற்றையும் அவ்வெச்சரிக்கையில் சேர்த்தது. கோடீன் கலந்த இருமல் மருந்து பல வீட்டு அலமாரியில் சாதாரணமாக நிற்கிறது என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். சளி மாத்திரையில் உள்ள தூக்கம் தரும் பொருளும் மயக்கத்தைக் கூட்டும். படர்தாமரைக்குத் தரப்படும் இட்ரகோனசோல், தொற்றுக்குத் தரும் கிளாரித்ரோமைசின் ஆகியவை அல்பிரசோலம் உடலைவிட்டு வெளியேறுவதைத் தடுத்து, போட்ட அளவு மாறாமலேயே அதன் பலத்தைக் கூட்டிவிடும். தோல் மருத்துவரிடம் போனாலும் இந்த அட்டையைக் கொண்டு போங்கள்.

வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கூடுதலான எச்சரிக்கை வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இவற்றைக் கூடியவரை தவிர்க்கும்படி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் அளவுகோல் சொல்கிறது. காரணம் கண்கூடானது. நடு இரவில் சிறுநீர் கழிக்க எழும் பாட்டிக்குக் கண் பாதி மூடியிருக்கும், கால் ஒரு அடி தவறும், இடுப்பெலும்பு முறிந்தபின் அவர் பழையபடி எழுந்து நடப்பது பலருக்கும் வாய்ப்பதில்லை. பகலில் சோர்ந்து கிடப்பதையும், கேட்டதையே மீண்டும் கேட்பதையும், "வயசாயிடுச்சு, ஞாபகம் போச்சு" என்று வீட்டார் ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் ஒரு பகுதி மாத்திரையின் வேலையாக இருக்கலாம். மருத்துவர் தவிர்க்க முடியாமல் எழுதினால், கட்டிலிலிருந்து கழிவறைவரை சிறு விளக்கு எரியட்டும், வழியில் மிதியடியும் தரைவிரிப்பும் வேண்டாம், முதல் வாரம் யாராவது உடன் படுக்கட்டும்.

மாத்திரையைப் பூட்டி வையுங்கள். மனம் நொந்தவர் இருக்கும் வீட்டில் ஒரு வாரத்திற்கு மேல் தேவையான அளவை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைக்காமல், வீட்டார் ஒருவர் பொறுப்பில் வைப்பது நல்லது. யாராவது அதிகமாகப் போட்டு, எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகவோ குறட்டையொலியோடு தடுமாறியோ இருந்தால் 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைக் கவனியுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் காப்பி புகட்டுவதும் நுரையீரலுக்குள் இறங்கி உயிரையே எடுக்கக்கூடும். காலி அட்டைகளையும், வேறு என்ன குடித்தார் என்ற தகவலையும் கையோடு கொண்டு போங்கள்.

நிறுத்துவது எப்படி

வாரக்கணக்கில் தினமும் வெளியிலிருந்து துணை கிடைத்தால், மூளை தன் சொந்த அடக்கும் ஆற்றலைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறது. பழைய அளவு போதாமல் போவதும், அடுத்த மாத்திரைக்கு நேரம் நெருங்கும்போது படபடப்பு எழுவதும் அதன் அடையாளங்கள். மருத்துவர் சொன்னபடியே போட்டவருக்கும் இது நேரும். போதைக்கு ஏங்குவது வேறு, உடல் சார்ந்து போவது வேறு. "எங்க அம்மா மாத்திரைக்கு அடிமையாயிட்டாங்க" என்று பிள்ளைகள் அவர் காதுபடப் பேசுவது எனக்குப் பொறுக்கமுடியாத ஒன்று. அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

ஆனால் அந்தச் சார்பு வந்த பின் ஒரே நாளில் நிறுத்துவது மிகப் பெரிய ஆபத்து. பல ஆண்டுகளாக இரவுதோறும் அல்பிரசோலம் போட்டு வந்த ஒரு பெரியவரை, பொங்கலுக்கு ஊருக்கு வந்த மகன், "இந்தக் கண்ட மாத்திரையெல்லாம் வேண்டாம்" என்று அக்கறையோடுதான் அட்டையைத் தூக்கி எறிந்தார். முதல் இரவு தூக்கமில்லை. இரண்டாம் நாள் வியர்வை, கை நடுக்கம், பாத்திரம் உரசும் ஒலிகூடத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த மகன் பின்னர் எங்கள் கடை வாசலில் நின்று, "நல்லதுன்னு நெனச்சுத்தானே அண்ணா செஞ்சேன்" என்று சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. குறுகிய நேரம் தங்கும் மருந்துகளில் இத்தொல்லைகள் ஓரிரு நாளிலும், குளோனசெபாம், டயஸெபாம் போன்றவற்றில் சில நாட்கள் முதல் ஒரு வாரம் கழித்தும் தொடங்கலாம். ஆகவே ஊருக்குப் போகும்போதும், விடுமுறை நாட்களில் கடை மூடியிருக்கும்போதும் மாத்திரை தீர்ந்துபோகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்குச் செல்பவர்கள் இவ்வகை மருந்தை எடுத்துச்செல்ல முன் அனுமதி தேவையா என்று பயணத்திற்கு முன்பே அந்நாட்டின் அரசு இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும்.

குறைப்பது மருத்துவரின் மேற்பார்வையில், மாதங்கள் கணக்கில் நடக்க வேண்டிய வேலை. 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை, அப்போது போட்டுக்கொண்டிருக்கும் அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைப்பது என்பது 2025இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின் தொடக்க அளவு. 2 வாரத்தில் 25 சதவீதத்திற்கு மேல் பொதுவாகக் குறைக்க வேண்டாம் என்றும் அது சொல்கிறது. அடுத்தடுத்த படிகள் உங்கள் உடல் சொல்வதைப் பொறுத்தவை. கடினமான வாரத்தில் அதே அளவில் நின்றுகொள்ளலாம், முன்னே போகும் அவசரம் எதுவுமில்லை. சில மருத்துவர்கள் குறுகிய நேரம் தங்கும் மருந்திலிருந்து நிகரான அளவு டயஸெபாமுக்கு மாற்றிப் பின் குறைப்பார்கள், அது மெதுவாக இறங்குவதால் உடலுக்கு அதிர்ச்சி குறைவு. இம்மாற்றத்தை நீங்களாகக் கணக்குப் போட்டுச் செய்யாதீர்கள். கர்ப்பிணிகளும், முன்பு வலிப்பு வந்தவர்களும், குடியையும் சேர்த்து நிறுத்துபவர்களும் குறைக்கும் பேச்சையே மருத்துவரோடுதான் தொடங்க வேண்டும்.

மாத்திரையைப் பிளக்க நடுவில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சிறு மாத்திரை வெட்டி, அரிவாள்மனையையும் பிளேடையும்விடச் சமமாக வெட்டும். பெயரோடு எஸ்ஆர் என்று வரும், மெல்லக் கரையும் மாத்திரையை எக்காரணம் கொண்டும் வெட்டவோ நொறுக்கவோ கூடாது, ஒரு நாள் முழுதும் பிரிந்து வர வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். ஒரு நாட்காட்டியில் அன்றன்று போட்ட அளவை எழுதி வையுங்கள். மோசமான நாளில் "நான் ஒரு அடியும் முன்னேறவில்லை" என்று மனம் சொல்லும்போது அந்த எண்கள் உண்மையைச் சொல்லும்.

அளவைக் குறைத்த சில நாட்களில் எழுந்து, அதே அளவில் நின்றால் வாரங்களில் தேயும் தொல்லை பெரும்பாலும் மருந்து விலகுவதால் வருவது. வெளிச்சமும் ஒலியும் தாங்காமை, தசைத் துடிப்பு போன்ற இதற்கு முன் இல்லாத குறிகள் இருந்தால் அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். குறைத்து முடித்து நெடுநாள் கழித்துப் பழைய கவலையும் பழைய அச்சமும் அதே முகத்தோடு மெல்லத் திரும்பினால் அது நோய் மீண்டும் வருவதாக இருக்கலாம், அதற்கு வேறு வைத்தியம் உண்டு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை மாத்திரை குறையும் காலத்திலேயே சேர்த்துச் செய்வது நிறுத்துவதில் வெற்றி பெற உதவுகிறது. தனியார் ஆலோசனைக்கு வசதியில்லாதவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண் இருக்கிறது.

கடைசிக் கால் மாத்திரை பலருக்கும் மிகக் கடினமாக இருக்கிறது. முதல் பாதியைக் குறைக்க இரண்டு மாதம் ஆனவருக்குக் கடைசிக் கால் பங்கிற்கு மூன்று மாதம் ஆகலாம், அதில் அஞ்சுவதற்கு எதுவுமில்லை. அந்த நாட்களில் தூக்கம் ஒரு மணி நேரம் முன்பின் ஆகும், அதிகாலையில் நெஞ்சு படபடக்கும். வீட்டார் செய்யக்கூடியது, "இன்னுமா அந்த மாத்திரை?" என்று கேட்காமல், அந்த அதிகாலையில் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பதுதான்.